ஆறு பதினெட்டு

பலகையின் மேல் சிதறிக் கிடந்த மணலைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது இசக்கியம்மாளின் இடது முழங்கால் களுக்கென்றது. பத்தொன்பது வருடமாக அது இப்படித்தான், கூப்பிடாமலே வந்து பேசும் சொந்தக்காரி மாதிரி, உட்கார்ந்தால் ஒரு சொல், எழுந்தால் ஒரு சொல். நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து சிவப்புக் கொடியைத் தொடைக்கடியில் செருகி, வெள்ளைக் கொடியை மடியில் வைத்துக்கொண்டாள். புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள். பாளையங்கோட்டையில் பிளாஸ்டிக் நாற்காலியே உருகிவிடும் போலிருந்தது. கல்லூரிகளுக்கிடையிலான தடகளப் போட்டி, பெண்கள் நீளம் தாண்டுதல், ஐந்து சுற்று முடிந்து கடைசிச் சுற்று. எட்டுப் பெண்கள், ஆளுக்கு ஒரு தாண்டல் மிச்சம். ஓடி வருகிறவளின் கால் பலகையை மீறாவிட்டால் வெள்ளை, மீறினால் சிவப்பு, அவ்வளவுதான் இவள் சோலி. வருடம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், நான்கு நாள் மட்டும் இங்கே கொடி டீச்சர். மணல் குழியின் ஓரத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் கொடி நட்டிருந்தது. அதுதான் ரெக்கார்டுக் கொடி, ஆறு மீட்டர் பதினெட்டு சென்டிமீட்டர். அதன் காலடியில் ஒரு அட்டை: செ. இசக்கியம்மாள், 2003. அதைப் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது. ரேஷன் கடைப் பட்டியலில் நம் பெயரையே இன்னொருத்திக்குப் போட்டிருப்பார்களே, அப்படி.

முதல் பெண் ஓடி வந்தாள், வெள்ளை. இரண்டாவது பெண், அதுவும் வெள்ளை. ஒவ்வொருத்தி விழுந்ததும் டேப் சர்ரென்று இழுபடும், கோபாலன் சார் பலகைப் பக்கம் குனிந்து அளவைப் படித்துச் சொல்வார், எழுதுகிறவர் எழுதுவார். இப்போது டேப் நல்ல டேப், எஃகு, முனையில் கொக்கி. 2003ல் அன்றைக்கு இருந்தது துணி டேப். எத்தனை வருடம் எத்தனை குழியில் இழுபட்டதோ, முன்பக்கம் முப்பது சென்டிமீட்டர் அறுந்து போயிருந்தது. புதிது வாங்கக் காகிதம் போட்டிருக்கிறோம் என்றார்கள், காகிதம் போன இடத்தில் புல் முளைத்திருக்கும். அதனால் முப்பதாவது கோட்டை மணலில் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் வருகிற அளவில் முப்பதைக் கழித்துச் சொல்வது வழக்கம். காலையிலிருந்து எல்லாருக்கும் கழித்துத்தான் சொன்னார் கோபாலன் சார். அப்போது அவருக்குத் தலை நிறைய முடி, மனக்கணக்கில் புலி. ஆறு பத்து என்று முணுமுணுத்து, அஞ்சு எண்பது என்று உரக்கச் சொல்வார். இசக்கியம்மாள் நான்காவது தாண்டலில் விழுந்து எழுந்தபோதும் அவர் குனிந்தார். ஆறு பதினெட்டு என்று முணுமுணுக்கவில்லை, கத்தினார். ஆறு பதினெட்டு! ஆறு பதினெட்டு! எழுதுகிறவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார், அவளுடைய கோச் ஓடி வந்து அவளை அலாக்காகத் தூக்கினார், மைக்கில் சொல்லிவிட்டார்கள். மணலை மட்டப்படுத்துகிறவர்கள் அந்த சந்தோஷத்திலேயே குழியை இழுத்துச் சமமாக்கிவிட்டார்கள். முனையைப் பிடித்தவருக்கு அளவு தெரியாது, அளவைப் படித்தவர் முனையைப் பார்க்கவில்லை. பார்த்தது அவள் ஒருத்திதான். கோச்சின் தோளுக்கு மேலே இருந்தபடி, மணலில் கிடந்த அந்த அறுந்த முனையைப் பார்த்தாள். இன்னும் முப்பது கழிக்கவில்லையே என்று தோன்றியது. கழிப்பார் என்று நினைத்தாள். இப்போது கழிப்பார், இதோ கழிப்பார். அப்போது வயது பத்தொன்பது. பெரியவர்கள் கணக்கில் தப்பு இருந்தால் பெரியவர்களே திருத்துவார்கள் என்று நம்பிய வயது.

மூன்றாவது பெண் ஃபவுல். இசக்கியம்மாள் சிவப்பைத் தூக்கினாள். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு போனது. போகட்டும், சிவப்பில் ஒரு நிம்மதி உண்டு, இல்லை என்றால் இல்லைதான். சனியன் பிடித்தது எதுவென்றால், அந்தக் கணக்கை அவள் எத்தனையோ தடவை போட்டுவிட்டாள், ஆறு பதினெட்டில் முப்பது போனால் ஐந்து எண்பத்தெட்டு. அன்றைய பழைய ரெக்கார்டு ஐந்து எண்பத்தைந்து. உள்ளதைச் சொல்லியிருந்தாலே ரெக்கார்டுதான். மூன்று சென்டிமீட்டர் அவளுடையது, சுத்தமாக அவளுடையது, அவள் கால் சம்பாதித்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த மூன்றை இந்த முப்பது தின்றுவிட்டது. அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். பேப்பரில் வந்த படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் காட்டினார். ஆறு பதினெட்டுன்னா எம்புட்டு தூரம்ளா என்று கேட்டார். அவள் கையை விரித்துக் காட்டினாள், போதவில்லை. தச்சாசாரியிடம் டேப் வாங்கி வந்து, வீட்டு வாசல்படியிலிருந்து தெரு நெடுக அளந்து சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். கோடு, குறுக்கே ஓடும் சாக்கடைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. எம்மவ இங்கேருந்து அங்கன தாண்டினா என்று போகிற வருகிற எல்லாரிடமும் சொன்னார். ஒரு விடியற்காலையில், தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்னால், அவள் சந்தியிலிருந்து ஓடி வந்து வாசலில் ஊன்றித் தாண்டிப் பார்த்தாள். சாக்கடையில் விழுந்தாள். அப்பா திண்டாடிப் போய் அவள் காலில் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, சாக்கடைக்காரனைத் திட்டினார். சுண்ணாம்பு அழிய அழிய மறுபடி போட்டார். அப்பா, அந்தக் கோடு தப்புப்பா. இதைச் சொல்ல அவர் சாகும்வரை ஏழு வருடம் இருந்தது, ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட அமையவில்லை.

நான்காவது பெண், வெள்ளை. ஐந்தாவது, வெள்ளை. மீட் ரெக்கார்டை உடைக்கிறவர்களை மட்டுமே தேசிய முகாமுக்குச் சிபாரிசு செய்வது இந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கம், அவளையும் அனுப்பினார்கள், வடக்கே இரண்டு நாள் ரயில். அங்கே அவள் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சிக்ஸ் எய்ட்டீன் என்றே கூப்பிட்டார்கள். சிக்ஸ் எய்ட்டீன், சாப்பிட வா. சிக்ஸ் எய்ட்டீன், எடை தூக்கு. சிக்ஸ் எய்ட்டீன் தாண்டினாள், ஐந்து எண்பது, ஐந்து எழுபத்தொன்பது, ஐந்து எண்பத்திரண்டு. ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், அரிசி போட்டார்கள். வீட்டு ஞாபகம் என்றார்கள், அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் சோம்பேறி என்றார்கள். அப்புறம் பயந்தாங்கொள்ளி. முப்பது சென்டிமீட்டர் எங்கே போயிற்று என்று அத்தனை பேரும் தேடினார்கள், அவளும் கூடச் சேர்ந்து தேடினாள், அதுதான் வேடிக்கை. இல்லாத ஒன்றை இல்லை என்று தெரிந்தே தேடினாள். எங்கேயாவது இருந்துவிடாதா, உடம்பை இன்னும் கொஞ்சம் பிழிந்தால் சொட்டாதா, சொட்டிவிட்டால் அப்புறம் அது பொய்யில்லையே. ஓடி வரும் தூரத்தை இரண்டு ஸ்டெப் கூட்டினாள். வேகம் கூடிற்று. அந்த வேகத்தை ஒற்றைக் காலில் வாங்கி மேலே திருப்ப அவளுடைய முழங்காலுக்குப் பழக்கமில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம், பலகையில் ஊன்றினாள், உள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். வலிகூட அப்புறம்தான் வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் முதலில் அவளுக்கு வந்தது, சொன்னால் வெட்கம், ஒரு ஆறுதல். இனி யாரும் ஆறு பதினெட்டைக் கேட்க மாட்டார்கள். ரயிலில் இரண்டு நாள் காலை நீட்டி உட்கார்ந்து வந்தாள். அத்தோடு முடிந்தது, இருபத்தொரு வயதில். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, வாழ்க்கை ஒன்றும் நின்றுவிடவில்லை.

மைக்கில் நிறுத்தச் சொன்னார்கள். நூறு மீட்டர் ஓட்டம் ஒன்று பாக்கி, அது முடியும்வரை தாண்டுதல் வேண்டாம். மிச்சமிருந்த மூன்று பெண்களும் நிழலுக்குப் போகாமல் நின்றார்கள். அவர்களில் கடைசியாகத் தாண்ட வேண்டியவள் பெனிட்டா, இரண்டாம் வருடம் படிக்கிறவள், இதுவரை முதலிடம். மூன்றாவது சுற்றில் ஐந்து தொண்ணூற்றேழு தாண்டிவிட்டாள். அதாவது இசக்கியம்மாள் உள்ளபடி தாண்டிய ஐந்து எண்பத்தெட்டை அப்போதே மீறிவிட்டாள். அந்த மைதானத்தில் அது தெரிந்த ஒரே ஆள் பலகைக்குப் பக்கத்தில் கொடியோடு உட்கார்ந்திருக்கிறாள், பெனிட்டாவுக்கே தெரியாது. தெரியாததால்தான் அவள் ஒவ்வொரு தாண்டலுக்கும் மஞ்சள் கொடியை முறைத்துப் பார்த்துவிட்டு ஓடி வருகிறாள். இடது முழங்காலில் தோல் நிறப் பட்டை ஒட்டியிருக்கிறாள், காலையில் ஒன்று, இப்போது இரண்டு. இசக்கியம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் ஓடுபாதையின் ஓரத்தில் அடையாளத்துக்கு ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டையைப் பிய்த்தாள். குதிகாலையும் நுனிவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்துப் பின்னால் அளந்து போனாள். போய்க்கொண்டே இருந்தாள். இரண்டு ஸ்டெப். சரியாக இரண்டு ஸ்டெப் தள்ளி ஒட்டினாள். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கிட்டே வந்தபோது, “ஏட்டி, ஸ்டெப்பக் கூட்டாத” என்றாள் இசக்கியம்மாள். “முட்டு தாங்காது.” பெனிட்டா தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, “கூட்டாம அந்தக் கொடி வராது டீச்சர்” என்றாள். “இந்தத் தடவை ரெக்கார்டு வந்தா முகாமுக்கு எழுதிருவாவ. எங்க வீட்டுல அடுத்த வருசம் படிக்கவே விடுவாவளான்னு தெரியல, வெளையாட்டுன்னா கேக்கவே வேண்டாம்.” மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் கண் மஞ்சள் கொடியில் இருந்தது. இருபத்தோரு வருடமாக எத்தனை கண். எல்லா வருடமும் எவளாவது ஒருத்தி ஐந்து தொண்ணூறுக்கு மேல் தாண்டுவாள், அழுதுகொண்டு வீட்டுக்குப் போவாள். எத்தனை பேர்? ஒன்பது பேர் என்பது வரை இசக்கியம்மாளுக்குத் தெரியும். அதற்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

எழுந்தாள். களுக். கோபாலன் சார் டேப்பைச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார், வருகிற மே மாதம் ஓய்வு. வருடா வருடம் புதிதாக வருகிற நடுவர்களிடம், அந்த ஆறு பதினெட்ட அளந்தது இந்தக் கைதான் என்று காட்டுவார். இன்றைக்குக் காலையிலும் காட்டினார். நல்ல மனுஷன், அவளுக்கு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவரே அவர்தான். சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும் என்று நினைக்கும்போதே நடை தளர்ந்தது. பதினைந்து அடி தூரம் இருக்கும், அதற்குள் நான்கு முறை திரும்பிவிட நினைத்தாள். வேலை போய்விடுமா? பேப்பரில் போடுவார்களா? அப்பா சட்டைப் பையில் அவள் படத்தை வைத்திருந்த அதே பேப்பர். மகன் பள்ளிக்கூடத்தில் அம்மா யார் என்று கேட்டால், ரெக்கார்டுக்காரி என்று அவன் இப்போது சொல்கிற பதில் என்ன ஆகும்? போனாள். “சார், ஒரு விசயம். அன்னைக்கு, 2003ல, துணி டேப்பு.” அவர் திரும்பினார். “முப்பது கழிக்கல சார்” என்றாள். இருபத்தோரு வருடம் தொண்டையில் கிடந்தது மூன்று சொல்லாக வெளியே வந்துவிட்டது, இவ்வளவு சின்னதா. ஓட்டம் கிளம்பியது. துப்பாக்கிச் சத்தம், கூச்சல், எட்டுப் பெண்கள் பக்கத்தில் பறந்து போனார்கள். கூச்சல் அடங்கும்வரை கோபாலன் சார் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “தெரியும்மா” என்றார்.

தெரியும். “சாயங்காலம் டேப்பச் சுத்தும்போதுதான் தோணிச்சு” என்றார் அவர், யாரோடோ சில்லறை விஷயம் பேசுகிற குரலில். “நிர்வாகத்துல சொல்லப் போனேன். ஒங்க அப்பா கேட்டுல நின்னுக்கிட்டு இருந்தாரு. மூட்டை தூக்குத மேல்துண்டோட. என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாரும்மா. நீங்க அளந்து சொன்னியளாமே சாமின்னாரு. எப்பிடிப் போயிச் சொல்ல? ஏழை வீட்டுப் புள்ள, ஒரு வேலை கெடைச்சிட்டுப் போட்டும்னு விட்டுட்டேன். நீ சின்னப் புள்ள, ஒனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்.” அவரும் அவளுக்காகச் சும்மா இருந்தார், அவள் அவருக்காக, இரண்டு பேரும் அப்பாவுக்காக. ஐந்து எண்பத்தெட்டே ரெக்கார்டுதான் சார், அதுக்கே வேலை கிடைத்திருக்கும், என் காலும் மிஞ்சியிருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. அவர் ஏற்கெனவே சுற்றிய டேப்பை அவிழ்த்து மறுபடி சுற்றத் தொடங்கியதைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். “அந்தப் புள்ள ஸ்டெப்பக் கூட்டிட்டா சார்” என்று மட்டும் சொன்னாள். “இப்ப சொல்லுவோம் சார். நான் சொல்லுதேன்.” “சொல்லலாம்” என்றார். “சொன்னா என்னய மட்டும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாவ, எப்பிடியும் மே மாசம் போறவன்தான நானு. ஒன்னயும் சேத்து விசாரிப்பாவ, வேலைக்கே மூலம் அந்த ரெக்கார்டுக் காகிதம்தான.” மைக்கில் தாண்டுதலைத் தொடரச் சொன்னார்கள். “அவியவிய எடத்துக்குப் போங்க” என்று யாரோ கத்தினார்கள். “போம்மா, கொடியப் பிடி. புள்ளையெல்லாம் காத்திருக்கு” என்றார் கோபாலன் சார். அவள் போனாள். போகிற வழியில் அந்த அட்டையைக் கடந்தாள். குனிந்து ஒரு இழு இழுத்தால் கையோடு வந்துவிடும், ஈர்க்குச்சியில் குத்திய வெறும் அட்டை. கடந்து போய் உட்கார்ந்தாள்.

ஆறாவது பெண், ஏழாவது பெண், கை தானாகக் கொடியைத் தூக்கிற்று, என்ன நிறம் என்றுகூட மனதில் பதியவில்லை. பெனிட்டா பாதையின் கோடியில் நின்றாள், வழக்கத்தைவிட இரண்டு ஸ்டெப் தூரத்தில், வெயிலில் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தாள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள், கூட்டமும் சேர்ந்து தட்டியது. இப்போது எழுந்து நில், இசக்கி. ஓடுபாதையின் குறுக்கே போய் நில், கொடியை ஆட்டு, பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். கால் எழவில்லை. வேலைக்குப் பயந்தா, அப்பாவின் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பயந்தா, எதனால் எழவில்லை என்று புரியவில்லை. பெனிட்டா கிளம்பிவிட்டாள். நான்கு, ஆறு, எட்டு, ஸ்பைக்ஸ் தரையில் தடதடவென்று, பத்து, பன்னிரண்டு, வேகம் அதிகம், அம்மா இது அதிகம், பட்டை ஒட்டிய அந்த முட்டு, கடவுளே பலகையில் ஊன்றும்போது அந்தச் சத்தம் வரக்கூடாது, வேறு எது வேண்டுமானாலும் எனக்கு வரட்டும், அந்தச் சத்தம் மட்டும். டப். பலகைதான். கால் பலகைக்குள்ளேயே, இரண்டு விரல் உள்ளே. அந்தப் பெண் மேலே இருந்தாள், இன்னும் மேலே இருந்தாள். மணல் சிதறியது. வெள்ளையைத் தூக்கிக்கொண்டே இசக்கியம்மாள் முழங்காலைத்தான் பார்த்தாள். பெனிட்டா எழுந்தாள். ஒரு அடி வைத்தாள், முகம் சுளித்தது, அடுத்த அடி வைத்தாள். நடந்தாள். கிழியவில்லை. இசக்கியம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கோபாலன் சார் குனிந்தார். நெடுநேரம் குனிந்திருந்தார். ஒரு நிமிடம், முப்பதைக் கூட்டிச் சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமும் ஆசையும் ஒன்றாக வந்தன. “ஆறு பூச்சியம் நாலு” என்றார். கூட்டம் ஐயோ என்றது. இன்னும் பதினாலு சென்டிமீட்டர். முதல் பரிசு பெனிட்டாவுக்குத்தான், கூட வந்த பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். ஆனால் அவள் அவர்களை விலக்கிக்கொண்டு லேசாக நொண்டியபடி நேரே கொடி நாற்காலிக்கு வந்தாள். முகமெல்லாம் மணலும் கண்ணீரும். பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, “டீச்சர், எப்பிடித் தாண்டினிய?” என்று கேட்டாள். “என் உசிரையே குடுத்துட்டேன், வரல. நீங்க என்ன பண்ணினிய? சொல்லித் தாங்க டீச்சர்.” குழியைத் தாண்டி கோபாலன் சார் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார், டேப்பைச் சுற்றாமல். இசக்கியம்மாள் வாயைத் திறந்தாள். “நான் தாண்டலட்டி” என்றாள். “நான் அம்புட்டுத் தூரம் தாண்டவே இல்ல.” பெனிட்டா ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். அழுத முகத்தோடு சிரித்துவிட்டாள். “தாண்டலையா? அப்பம் பறந்தியளாக்கும்” என்றாள். திரும்பிக் கூட்டாளிகளிடம், “இவ்ளோ பெரிய ஆளு, எம்புட்டுத் தன்மையாப் பேசுதாவ பாருங்கட்டி” என்றாள். அவர்களும் சிரித்தார்கள். ஒருத்தி படம் எடுக்கப் போனை நீட்டினாள். இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி, டேப்பு அறுந்திருந்தது என்கிற ஒரு வாக்கியம். அது நாக்கின் நுனியில் நின்றது. பெனிட்டா சட்டென்று குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எங்க அய்யாட்ட அழுது கால்ல விழுந்தாவது வந்துருவேன் டீச்சர். அடுத்த வருசம் இன்னும் ரெண்டு ஸ்டெப் கூட்டுதேன். நீங்கதான கொடி பிடிப்பிய?” என்று கேட்டாள். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்க முடியாமல் இசக்கியம்மாள் அவள் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

“வா” என்றாள்.